பாஸ் பட்டனை அமுக்காத புண்ணியவான்கள்

என் மேல் சத்தியம், அல்சூர் ஏரி மேல் சத்தியம், எழுபத்தாறு வயதில் என் வாயில் மிச்சமிருக்கும் பதினோரு பல்லின் மேல் சத்தியம்: கீழே எழுதியிருப்பதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. எங்கள் தெருவில் என்னைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள். அவர்களெல்லாம் உலகம் பார்க்காதவர்கள்.

பழைய டிவி விளம்பரங்களுக்குப் பின்னால் ஓடிய சின்தசைசர் இசையைத் தேடிக் கண்டுபிடித்துத் தருவது என் தொழில். சிரிக்காதீர்கள். உங்களுக்கும் ஒன்று இருக்கிறது. பல் தேய்க்கும்போதோ சிக்னலில் நிற்கும்போதோ தலைக்குள் 'டொய்ங் டொடொய்ங்' என்று கிளம்பும். எந்தச் சோப்பு, எந்த வருஷம், ஒன்றும் ஞாபகம் வராது. பாட்டு இருந்த விளம்பரம் என்றால் முதல் வரியைப் போட்டுத் தேடினால் போனிலேயே கிடைத்துவிடும். வெறும் மெஷின் சத்தமாக வந்ததை எப்படித் தேடுவீர்கள்? 'டொய்ங்' என்று டைப் அடித்துப் பாருங்கள், காலிங் பெல் விற்கிறவன்தான் வருவான். அப்படி அவதிப்படுகிற நம்மைப் போன்றவர்கள்தான் கடைசியில் என் வீட்டு மாடிப்படி ஏறுகிறார்கள்.

கெட்டிக்காரர்களும் சோம்பேறிகளும்

ஒரு காலத்தில் அல்சூரில் வீடியோ லைப்ரரி நடத்தியவன் நான். வாடகைக்குக் கொண்டுபோன என் கேசட்டின் மேலேயே ஞாயிற்றுக்கிழமை டிவி படத்தைப் பதிவு செய்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு திருப்பிக் கொடுப்பார்கள் வாடிக்கையாளர்கள். அடுத்து எடுத்துப் போனவர் வந்து, "சண்டைப் படம் கேட்டேன், சாமி படம் ஓடுது" என்று என்னோடு சண்டைக்கு நிற்பார். அன்றைக்கு அந்தத் திருடர்களை வாயில் வந்தபடி திட்டினேன். இன்றைக்கு அவர்கள் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்கிறேன். அந்தப் படங்களுக்கு நடுவில்தான் விளம்பரங்கள் இருக்கின்றன. நாலு பீரோ நிறைய வைத்திருக்கிறேன்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. படத்தைப் பதிவு செய்யும்போது விளம்பரம் வந்தால் பாஸ் பட்டனை அமுக்கி நிறுத்துவான் கெட்டிக்காரன், டேப் மிச்சமாகும். சோம்பேறி அப்படியே ஓடவிட்டுத் தூங்குவான். ஊருக்கெல்லாம் கெட்டிக்காரன் வேண்டும். எனக்கு மட்டும் சோம்பேறி வேண்டும். இது தெரியாமல் மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு ரிடையர்ட் பேங்க் மேனேஜர், இரண்டு சூட்கேஸ் நிறைய கேசட்டுகளை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொன்றிலும் தேதி, படத்தின் பெயர், சிவப்பு மையில் அடிக்கோடு. நாலு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கதாநாயகி அழுவதற்கு வாயைத் திறப்பாள். அடுத்த கணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு புடவையில் நிற்பாள். ஒரு சோப்பு இல்லை, ஒரு சீப்பு இல்லை. ஐந்தாம் நாள் திருப்பிக் கொடுக்கப் போனால், மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"இருபது வருஷத்துல ஒரு விளம்பரம்கூட உள்ளே விட்டதில்ல சார். வேணும்னா செக் பண்ணிக்கங்க."

மெட்ரோவில் ஒரு சோப்பு

வருகிறவர்களில் பாதிப்பேர் போனில்தான் முனகிக் காட்டுவார்கள். ஆபீஸில் முனக வெட்கம், வீட்டில் முனகப் பயம். ஒரு சாஃப்ட்வேர் தம்பி, மெட்ரோவில் போய்க்கொண்டே எனக்குப் போன் போட்டு, "அங்கிள், இதுதான்" என்று ஆரம்பித்தார். எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் சத்தமாக என்றேன். கூட்டினார். பின்னாலிருந்து ஒரு அம்மா, "அது அப்படி இல்லப்பா, ரெண்டாவது தடவை மேலே போகும்" என்று திருத்துவது கேட்டது. அப்புறம் கன்னடத்தில் ஒருவர் அந்த அம்மாவைத் திருத்தினார். இரண்டு ஸ்டேஷனுக்குள் அந்தப் பெட்டி முழுக்க முனகிக்கொண்டிருந்தது. எம்.ஜி. ரோட்டில் இறங்கவேண்டிய நாற்பது பேர் இறங்காமல் பையப்பனஹள்ளி வரை போனதாகக் கேள்வி. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் உங்கள் இஷ்டம். நான் குறைத்துத்தான் சொன்னேன்.

கடைசியில் போன் யாரோ ஒருவர் கைக்குப் போனது. பொறுமையான பெண் குரல்.

"அங்கிள், நான் பக்கத்து சீட்டு. அவர் பாடுறது பிஸ்கட். அவருக்கு வேணும்னு சொல்றது சோப்பு. நீங்க போனை வெச்சுடுங்க, நான் பேசிக்கறேன்."

ஆரோக்கியசாமியின் பத்து விரல்

ஆரோக்கியசாமி முனகவில்லை. என் மேஜை மேலிருந்த காபி தம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு, வெறும் பலகையின் மேல் பத்து விரலாலும் வாசித்துக் காட்டினார். சத்தமே இல்லை. "இதுதான் சார்" என்றார்.

காக்ஸ் டவுன்காரர். ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். நாற்பது வருஷத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர். கல்யாணத்துக்கு முன்னால், விளம்பரப்படம் எடுக்கும் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்தசைசரைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். அதைத் தொட்டு வாசிக்க ஆளில்லை. கோயில் ஆர்கன்காரப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, இவர் போய் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சீலிங் ஃபேன் விளம்பரம். ஜன்னலோரம் ஒரு பெண் நிற்பாள், திரைச்சீலை பறக்கும், ஃபேன் சுற்றும். கடைசியில் ஓர் ஆண் குரல் ஃபேனின் பெயரைச் சொல்லும். அதுவரை இருபது விநாடி வெறும் இசை. ட்யூனைப் போட்டு வாசித்தது இவர். கூலியாகக் கிடைத்தது அதே ஃபேன் ஒன்று, ஓர் இறக்கை லேசாக வளைந்தது.

அப்புறம் கல்யாணம். வீட்டுக்கு டிவி வந்த நேரத்தில் விளம்பரம் நின்றுபோய், கம்பெனியையும் மூடிவிட்டார்கள். மனைவி பிலோமினா, கணக்கு டீச்சர். நிரூபிக்காத எதையும் ஒப்புக்கொள்ளாதவர். ஃபேன் இருக்கிறதே என்றால், ஃபேன் கடையிலும்தான் இருக்கிறது என்பார். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் இது ஒரு தமாஷ். ஆனால் இப்போது ஆரோக்கியசாமியின் காது போய்க்கொண்டிருந்தது. மேல் ஸ்வரங்கள்தான் முதலில் போகும், போக ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெஷின் மாட்டினால் பேச்சு கேட்கும். இசை மட்டும் தகரத்தில் மழை பெய்தாற்போல் இருக்குமாம்.

"முழுசாப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதைக் கேக்கணும் சார்" என்றார். "இவளும் பக்கத்துல உக்காந்து கேக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும். அவ்ளோதான்." ட்யூனை நோட்ஸாக ஒரு தாளில் அழகாக எழுதியும் கொடுத்தார்.

பிலோமினா டீச்சரும் கூட வந்திருந்தார். படியிறங்கும்போது மட்டும் என் பக்கம் திரும்பினார்.

"அவசரமே இல்ல சார், நிதானமாத் தேடுங்க. கெடைச்சுட்டா நான்தானே மன்னிப்புக் கேக்கணும்."

பல்லி

தேடுவது என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? பகல் முழுக்க உட்கார்ந்து, கெட்டுப்போன படங்களை ஓடவிட்டு, விளம்பரம் வருகிற இடத்துக்காகக் காத்திருப்பது. பூஞ்சை பிடித்த கேசட்டாக இருந்தால் முதலில் துடைக்கவேண்டும். ஒரு கேசட்டில் நான் வழித்தெடுத்த பூஞ்சையைப் பார்த்த காய்கறிக்காரர், கால் கிலோ என்ன விலை என்று கேட்டார்.

மூன்றாம் மாதம் என் விசிஆருக்குள் ஒரு பல்லி குடியேறியது. உள்ளே கதகதப்பாக இருக்கிறதல்லவா. தேங்காய் எண்ணெய் விளம்பரத்தின் இசை வந்தால் மட்டும் உள்ளேயிருந்து தாளம் தப்பாமல் 'டிச் டிச்' என்று சொல்லும். மற்ற விளம்பரம் எதற்கும் வாயைத் திறக்காது. அதற்கும் ஒரு ரசனை. ஒருநாள் படம் அப்படியே நின்றுவிட்டது. சிவாஜி நகரில் நயாஸ் பாய் என்று ஒரு மெக்கானிக், இந்த ஊரில் விசிஆரைத் திறக்கத் தெரிந்த கடைசி ஆள் தான்தான் என்று அவரே சொல்வார். அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினார். பல்லி நிதானமாக வெளியே வந்து, எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சுவரேறிப் போயிற்று. நயாஸ் பாய் அரைமணி நேரம் உள்ளே நோண்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

"பல்லி மஸ்தா இருக்கு சாப். விசிஆர்தான் போயிடுச்சு."

என் பாவக்கணக்கில் ஒன்று

நயாஸ் பாயே வேறொரு விசிஆரைத் தேற்றிக் கொடுத்தார். மறுபடி உட்கார்ந்தேன். மாதத்துக்கு ஒருமுறை ஆரோக்கியசாமி வருவார், "இன்னும் இல்லை" என்பேன், போவார். ஐந்தாம் மாதம், "இன்னும் இல்லை" என்பதை அவரிடம் இரண்டு தடவை சொல்லவேண்டி வந்தது. ஆறாம் மாதம் மூன்று தடவை. இல்லை என்பதையே ஒரு மனிதரிடம் கத்திச் சொல்வது போன்ற பாவம் உலகத்தில் வேறில்லை. அதனால் அதைவிடச் சின்னப் பாவம் ஒன்றைச் செய்யலாம் என்று முடிவு செய்தேன்.

கல்யாண பேண்டில் கீபோர்ட் வாசிக்கிற ஒருவரைப் பிடித்து, நோட்ஸ் எழுதிய தாளைக் கொடுத்து, அதே இருபது விநாடியை வாசிக்க வைத்துக் கேசட்டில் ஏற்றினேன். புதுசாகக் கேட்கக்கூடாதே என்று அந்தக் கேசட்டை நூறு தடவை முன்னும் பின்னும் ஓட்டினேன். வெயிலில் வைத்தேன். பீரோவில் பாச்சை உருண்டைகளுக்கு நடுவில் ஒரு வாரம் போட்டேன். நீங்கள் கேட்டிருந்தால் நீங்களே அந்த ஃபேனை வாங்கியிருப்பீர்கள். படம் பூஞ்சையில் போய்விட்டது, சத்தம் மட்டும் தேறியது என்று ஒரு கதையும் கட்டி வைத்திருந்தேன்.

ஆரோக்கியசாமி மட்டும் தனியாக வந்தார். மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டினாற்போல் குனிந்து, இரண்டு தடவை கேட்டார். கோபப்படவில்லை. யாரோ வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி மரியாதையாகத் தலையசைத்தார்.

"ரொம்ப நல்லா வாசிச்சிருக்காங்க சார். நான் இவ்ளோ சுத்தமா வாசிக்கலையே."

அத்திபெலே முகூர்த்தம்

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பீரோக்களில் இருந்ததெல்லாம் பார்த்து முடித்தாயிற்று. 'பழைய வீடியோ கேசட் இருந்தால் கூப்பிடவும்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, ஓசூர் ரோட்டில் சந்தாபுராவிலிருந்து மாநில எல்லை வரைக்கும் டீக்கடைகளில் ஒட்டிவிட்டு வந்தேன். எட்டாம் மாதம் அத்திபெலேயிலிருந்து சரோஜம்மா கூப்பிட்டார். வீட்டுக்காரருக்கு அங்கே கேட், கிரில் செய்கிற பட்டறை. பஸ் பிடித்துப் போனேன். "ஊட்டா ஆயித்தா?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ராகி உருண்டையை வைத்துவிட்டுத்தான் கேசட்டை எடுத்தார். மேலே 'திருமணம்' என்று எழுதியிருந்தது.

கையோடு கொண்டுபோன விசிஆரில் போட்டேன். மேளம், மாலை, சிமெண்ட் மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை. ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார். மாப்பிள்ளை கையை நீட்டுகிறார். திரை ஒரு குதி குதித்தது. அடுத்து ஒருவன் ஓடுகிற ரயில் மேல் ஏறிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைப் படம். அது ஓடி, அரைமணி நேரத்தில் விளம்பரம் வந்தது. டீத்தூள். டூத் பேஸ்ட். அப்புறம் ஒரு ஜன்னல். திரைச்சீலை பறந்தது. நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி கால் உடைந்து போனது அப்போதுதான். என் கனத்தால் இல்லை, நான் துள்ளியதால்.

இருபது விநாடியும் முழுசாக இருந்தது. யாரோ பாஸ் பட்டனை அமுக்கவில்லை. யார் அந்தப் புண்ணியவான் என்று கேட்டேன். "நான்தான். சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சுகிட்டிருந்தேன், ரெண்டு கையும் மாவு, எப்படி அமுக்கறது?" என்றார் சரோஜம்மா. சொந்தத் தாலி கட்டுகிற இடத்தின் மேலேயா அம்மா படத்தை ஏற்றினீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"முகூர்த்தம் மனசுல இருக்கு சார், எங்கே போயிடும்? அந்தப் படத்தை மறுபடி போடுவாங்களா?"

இருபது விநாடி

மறுநாள் சாயங்காலம் காக்ஸ் டவுன் போய்ச் சேர்ந்தேன், ஒரு கையில் விசிஆர், ஒரு கையில் கேசட். இந்த முறை கதை எதுவும் கட்டவில்லை. டீச்சர் டிவிக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார், பரீட்சைத் தாள் திருத்த உட்காருகிற மாதிரி. ஆரோக்கியசாமி பக்கத்தில். மெஷினைக் கழற்றிவிட்டார். மணி மாதிரி மேலே ஒரு ட்யூன், அடியில் தும் தும் என்று ஒரு நடை. ஜன்னல், திரைச்சீலை, சுற்றுகிற ஃபேன். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் முழங்காலில் ஓடின.

முடிந்தது. டீச்சர், "மறுபடி போடுங்க" என்றார். போட்டேன். "இன்னொரு தடவை." மூன்றாம் தடவை, ஆண் குரல் ஃபேனின் பெயரைச் சொல்லி முடித்த பிறகும் கடைசி ஸ்வரம் விடாமல் இழுத்துக்கொண்டிருந்த இடத்தில் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. அந்தாள் பேசி முடிச்சுட்டான், இது இன்னும் இழுக்குது பாருங்க. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான் சார். பாட்டு முடியும், இவர் கையை எடுக்கமாட்டார். அடுத்த அடிக்கு மூச்சு வாங்க இடமில்லாம பாடறவங்க கழுத்து நரம்பெல்லாம் புடைச்சு நிக்கும். ஃபாதர்கூடச் சொல்லிப் பார்த்துட்டார். உலகத்துல வேற யாரும் இப்படி இழுக்கமாட்டாங்க."

நான் அந்த எட்டு மாதத்தில் நாலாயிரம் விளம்பரம் பார்த்திருப்பேன், ஆனால் ஒரு தப்பு கையெழுத்தாக மாறியதை அன்றுதான் பார்த்தேன். டீச்சர் கணவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, அவர் மெஷினைக் காதில் மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்தார்.

"நீங்கதான். நம்பாம இருந்தது என் தப்பு. ஒரு தடவைதான் சொல்வேன், காதுல வாங்கிக்கங்க."

இரண்டு சத்தியம்

என்னை ஆட்டோ ஏற்றிவிட ஆரோக்கியசாமி தெருமுனை வரை வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். சந்தோஷமாகவே அந்த விஷயத்தைச் சொன்னார். அடியில் போன தும் தும் மட்டும்தான் கேட்டதாம். மேலே போன ட்யூன் ஒரு ஸ்வரம்கூடக் கேட்கவில்லையாம். எந்த இடத்தில் என்ன வரும் என்று தெரியும், அதனால் மனசுக்குள் வாசித்துத் தலையாட்டினாராம். இரண்டு மாதம் முன்னால் இந்தக் கேசட்டோடு போயிருந்தால் கேட்டிருக்குமோ? கள்ளக் கேசட்டுக்குப் பாச்சை உருண்டை போட்டுக்கொண்டிருந்தேனே, அந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து ஆட்டோவுக்குள் உட்கார வைத்தார்.

"அவ கேட்டுட்டா சார், பாதி வேலை முடிஞ்சுது. மத்ததை அவகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். மறுநாள் பத்து மணிக்கு டீச்சர் போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். அந்த வீட்டில் குரலைத் தாழ்த்த அவசியமே இல்லை, ஆனாலும் தாழ்த்தினார்.

"சார், மூணு தடவையும் அவர் தலையாட்டினது ட்யூனுக்கு முன்னாடியே போயிட்டிருந்துச்சு. எனக்குப் பாட்டு தெரியாது, ஆனா எண்ணத் தெரியும். அவருக்குக் கேக்கல. நான் கண்டுபிடிச்சது அவருக்குத் தெரியவேண்டாம், சத்தியம் பண்ணுங்க. அப்புறம், அந்த நோட்ஸ் எழுதின தாள் உங்ககிட்டதானே இருக்கு?"

கீழ்க்கட்டை

புதன்கிழமைதோறும் நவநாள் ஜெபத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டீச்சர் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மாதா மன்னிக்கட்டும். பேண்டுக்காரர் கீபோர்டை எடுத்துக்கொண்டு வருவார். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாகக் கட்டைகளைத் தொட்ட அந்த அம்மா, ஒவ்வொரு ஸ்வரத்தையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு வாசித்தார்: "ஒண்ணு, ரெண்டு, ரெண்டரை, நாலு." பேண்டுக்காரர் தாளில் இருந்தபடி மேலே சொல்லிக்கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "அங்கே வேண்டாம். அவருக்குக் கேக்கிற இடத்துல சொல்லிக் குடுங்க." இரண்டு ஸ்தாயி கீழே இறக்கி, எருமை நடக்கிறாற்போல் அந்த மணி ட்யூன் நகர்ந்தது. ஏழு புதன் ஆயிற்று. கீழ் வீட்டுக்காரர்கள் எட்டாவது புதனுக்கு முன்னால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு மாற்றல் வந்தது என்பது அவர்கள் சொல்கிற கதை.

எட்டாவது புதன் காக்ஸ் டவுனில். நான் சும்மா காபிக்கு வந்ததாக ஏற்பாடு. ஆரோக்கியசாமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூலையில் உறை போட்டிருந்த அவருடைய கீபோர்டில் டீச்சர் போய் உட்கார்ந்து, உறையை நீக்கி, இடது பக்கக் கடைசியில் கையை வைத்தார். முதல் நாலு ஸ்வரத்துக்கு அவர் பேப்பரை மடிக்கவில்லை. ஐந்தாவதில் மடித்தார். எழுந்து போய் மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஏன் கீழே வாசிக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. உங்களுக்கு இது கேட்கிறதா என்று டீச்சரும் கேட்கவில்லை. நடுவில் இரண்டு தப்பு. ஒரு இடத்தில் எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். இருபது விநாடி இசை ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓடியது. கடைசி ஸ்வரம் வந்ததும், கணக்கு டீச்சர் கணக்காகக் கையை எடுக்கப் போனார். பின்னாலிருந்து அவர் கை வந்து அந்த விரலின் மேல் அழுத்திக்கொண்டது.

"விடாதே. பிடி."

"மூச்சு முட்டும்ங்க."

"முட்டட்டும்."

ஆக, இருபது விநாடியைத் தேடப் போன வகையில் எனக்கு மிச்சம் ஒரு செத்த விசிஆரும், ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒருவர் அறியாமல் ஒருவராகப் பண்ணிக் கொடுத்த இரண்டு சத்தியமும்தான். அந்தச் சத்தியம் இரண்டையும் இப்போது உங்களிடம் உடைத்துவிட்டதால், காக்ஸ் டவுன் பக்கம் போனால் இதை யார் சொன்னது என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.